பழைய எம்.ஜி.பி.க்கு எந்த ஏர் ஃபில்டர் போடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கிலாந்தில் 1971 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அதில் எஸ்.யூ. என்கிற பெயரில் வரும் எச்.எஸ்.4 மாடல் கார்புரேட்டர் இரண்டு. ஏர் ஃபில்டர் டப்பா இரண்டும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. விற்றவர், "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு கே அண்ட் என் மாதிரி டப்பா இல்லாத திறந்த ஃபில்டர் போடுங்கள், பத்து குதிரைசக்தி கூடும்" என்கிறார், இன்னொருவர் காகித ஃபில்டரைத் தவிர எதையும் தொடாதே என்கிறார், எது சிறந்தது என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக நான் புரிந்துகொள்கிறேன்: ஃபில்டர் மாற்றினால் சக்தி கூடுமா, என்ஜினுக்குக் கெடுதல் வருமா, மாற்றினால் கார்புரேட்டரில் கைவைக்க வேண்டுமா. பிராண்ட் எது என்பது இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது. பதினெட்டு வருடமாக இங்கே பழைய பிரிட்டிஷ் கார்களில், பெரும்பாலும் எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ளவற்றில், வேலை செய்கிறேன். நான் சொல்வது அந்த அனுபவத்துக்கு உட்பட்டது. கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீய்ச்சும் (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) போர்ஷே, ஆல்ஃபா போன்றவற்றுக்கு இதை அப்படியே எடுத்துப் பொருத்த வேண்டாம்.

முதலில் இந்த என்ஜின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்று பார்த்துவிடலாம், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். உங்களுடையது பி-சீரிஸ் என்கிற 1798 சி.சி. என்ஜின். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்றில் முழு ஆக்சிலரேட்டரில் ஓடினால், சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதையும் கணக்கில் எடுத்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர். இன்னொரு விதமாகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஒரு பிரிட்டிஷ் காலனுக்கு (சுமார் 4.5 லிட்டர்) 25 மைல் கொடுக்கிற வண்டி ஆயிரம் மைல் ஓட 180 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், அதாவது 16 லட்சம் லிட்டர் காற்று அந்த இரண்டு டப்பா வழியாகப் போய் வரும். அதில் கலந்திருக்கிற தூசியில் எவ்வளவு பங்கு உள்ளே போகிறது என்பதுதான் ஃபில்டரின் வேலை முழுவதும். கண்ணுக்குத் தெரிகிற மணல் பெரிய ஆபத்து கிடையாது, அதை எந்தச் சல்லடையும் பிடித்துவிடும். 5 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுள்ள தூசிதான் எதிரி. மனிதத் தலைமுடி 70 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கிற எண்ணெய்ப் படலத்தின் தடிமனோடு ஒத்துப்போகிற அளவு என்பதால் அது அங்கே புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

சரி, சக்தி. தொழிற்சாலை சொன்ன கணக்கு 95 குதிரைசக்தி. ஃபில்டரை மட்டும் மாற்றிப் பத்து கூடுவதை நான் ஒருமுறைகூட ரோலிங் ரோடில் (வண்டியை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) பார்த்ததில்லை. நல்ல நிலையில் இருக்கிற டப்பாவில் புதுக் காகிதம் போட்ட வண்டிக்கும் திறந்த ஃபில்டர் போட்ட வண்டிக்கும், மிக்சரை (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்) சரிசெய்த பிறகு, மேல் சுற்றில் ஒன்று இரண்டு கூடினால் அதிகம், சில வண்டியில் அதுவும் இருக்காது. காரணம் சிக்கலானதில்லை. சாதாரணமாக ஓட்டும்போது ஆக்சிலரேட்டர் பாதிதான் திறந்திருக்கிறது, 70 மைல் வேகத்தில் ஓவர்டிரைவில் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) போனால் என்ஜின் 3,200 சுற்றுக்குப் பக்கத்தில் நிதானமாக ஓடுகிறது, அந்த நேரத்தில் காற்றுக்குப் பெரிய தடை பாதி மூடிய த்ராட்டில் பட்டாம்பூச்சிதான் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் வட்டத் தகடு), ஃபில்டர் இல்லை. ஃபில்டரின் தடை உணரப்படுவது முழுதாக மிதித்து மேல் சுற்றுக்குப் போகும்போது மட்டும். அப்படியானால் விற்றவர் ஏன் சொன்னார்? அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பெரும்பாலும் இந்த மாற்றம் நடப்பது இருபது வருடமாக மாற்றாத, அடைத்துப்போன காகிதத்தைக் கழற்றும்போது, அதற்குப் பதில் எதைப் போட்டாலும் வண்டி துள்ளும். இன்னொன்று சத்தம். டப்பாவின் குழல் காற்று உறிஞ்சும் சத்தத்தை அடக்கி வைத்திருந்தது, திறந்த ஃபில்டரில் அது நேராகக் காதுக்கு வருகிறது. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், அதற்காகவே ஒருவர் போட்டுக்கொண்டால் நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் சத்தத்துக்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

திறந்த ஃபில்டர் பதிலுக்கு நம்மிடம் ஒன்றைப் பறித்துக்கொள்வதையும் சொல்ல வேண்டும். பி-சீரிஸ் என்ஜினில் காற்று உள்ளே போகிற பக்கமும் புகை வெளியே வருகிற பக்கமும் ஒன்றுதான், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) மேலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. திறந்த ஃபில்டர் சுற்றிலும் இருந்து இழுப்பதால் மேனிஃபோல்டில் இருந்து எழும்பும் சூட்டையும் சேர்த்து இழுக்கும். காற்றின் சூடு 3 டிகிரி கூடினால் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். போக்குவரத்து நெரிசலில் பானெட்டுக்குள் 20 டிகிரி கூடுவது சாதாரணம், ஃபில்டரில் சம்பாதித்ததை அங்கேயே தொலைத்துவிடலாம். வண்டி ஓட ஆரம்பித்துக் காற்று பாயத் தொடங்கினால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும், அதனால் இது நிச்சயமான இழப்பு என்று சொல்லமாட்டேன், நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இப்போது என்னைப் பொறுத்தவரை முக்கியமான இடம், இதில் கொஞ்சம் நின்று படியுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டரின் வாய்ப்பக்கத்து முகத்தில், டப்பாவைப் பிடிக்கிற போல்ட் துளைகள் தவிர, சின்னக் காற்றுத்துளைகள் இருக்கும். அவை உள்ளே இருக்கிற பிஸ்டனின் தட்டுக்கு அடிப்பக்கம் காற்றைக் கொண்டுபோகின்றன. எஸ்.யூ. வேலை செய்கிற விதமே இதுதான்: பிஸ்டனுக்கு மேலே என்ஜினின் உறிஞ்சல், கீழே வெளிக்காற்றின் அழுத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிஸ்டன் எழும்பிப் பாதையைத் திறக்கும், அதோடு கூம்பு ஊசியும் எழும்பி ஜெட்டை (பெட்ரோல் வருகிற துளை) திறக்கும். அந்தத் துளைகளை அடைத்தால் பிஸ்டன் எழும்பத் திணறும். ஃபில்டரோடு வருகிற கேஸ்கெட்டில் (நடுவே வைக்கிற மெல்லிய அடைப்புத் தகடு) இதற்கான துளைகள் இருக்கும், ஆனால் அதைத் தலைகீழாகவும் பொருத்த முடியும், அப்படிப் பொருத்தினால் போல்ட் சரியாக உட்காரும், காற்றுத்துளை மூடிக்கொள்ளும். சில மலிவான திறந்த ஃபில்டர்களின் பின்தட்டில் அந்தத் துளையே போட்டிருக்க மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார், வேறொரு கராஜில் புது ஃபில்டர் போட்டதில் இருந்து மேடு ஏறவில்லை, பிளக் கருப்பாகிறது, பற்றவைப்பு, பெட்ரோல் பம்ப், ஊசி என்று மாற்றி மாற்றிப் பார்த்துச் செலவழித்துவிட்டார். முன் கார்புரேட்டரில் கேஸ்கெட் தலைகீழ். திருப்பிப் போட எனக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஆகவே எந்த ஃபில்டர் வாங்கினாலும் போல்ட்டைத் தொடும் முன் கேஸ்கெட்டையும் பின்தட்டையும் கார்புரேட்டர் முகத்தில் கையால் வைத்து, ஒவ்வொரு துளையும் எதிரே இருக்கிற துளையைப் பார்க்கிறதா என்று பாருங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த ஃபில்டர் எந்தப் பெயரில் வந்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள், அல்லது பின்தட்டில் துளை போட்டு ஓரத்தை மழுங்கத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆழம். பான்கேக் என்று சொல்கிற தட்டையான வட்ட ஃபில்டர்களில் மூடி கார்புரேட்டர் வாய்க்கு மிக அருகில் வந்து நிற்கும். எச்.எஸ்.4-இன் வாய் ஒன்றரை அங்குலம், 38 மில்லிமீட்டர். கணக்குப்படி வாய்க்கும் மூடிக்கும் நடுவே விட்டத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 9 அல்லது 10 மில்லிமீட்டர் இருந்தால் பரப்பு சமமாகிவிடும், ஆனால் காற்று செங்குத்தாகத் திரும்பி உள்ளே நுழைய வேண்டியிருப்பதால் அது போதவே போதாது. நான் வாயின் விட்டத்துக்குச் சமமான இடைவெளி கேட்பேன், குறைந்தது முக்கால் பங்கு. இடம் இருந்தால் உள்ளே ஸ்டப் ஸ்டாக் என்கிற, வாயோரம் உருண்டையாக வளைந்த குட்டையான வளையத்தையும் போடலாம். திறந்த ஃபில்டருக்குப் போகிறவர்களுக்கு ஃபில்டரின் பெயரைவிட இந்த வளையம் அதிகம் உதவும் என்பது என் கருத்து, கூரான விளிம்பில் மோதிக் குழம்பும் காற்று வளைவில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் வளையமும் இடம் எடுத்துக்கொள்ளும் என்பதால், வாங்கும் முன் கார்புரேட்டர் முகத்தில் இருந்து பக்கத்துத் தகரம் வரை அளந்துகொள்ளுங்கள். என்ஜின் ரப்பர் மேல் ஆடும், ஒரு விரல் அளவு கூடுதலாக விடுங்கள்.

காகிதமா, எண்ணெய் தடவிய பருத்தித் துணியா, எண்ணெய் தடவிய நுரையா? நல்ல காகிதம் நுண்தூசியைப் பிடிப்பதில் மற்ற இரண்டையும்விட மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 5011 என்கிற சோதனை முறை இதற்கென்றே இருக்கிறது, அதன்படி அளந்த எண்ணைப் பெட்டியில் போடுகிற தயாரிப்பை நான் கூடுதலாக நம்புவேன். பருத்தித் துணி வகை (கே அண்ட் என் 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, இந்த வகைக்கு அவர்கள் பெயரே பொதுப்பெயர் ஆகிவிட்டது) கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், தூசி ஏறினாலும் சட்டென்று அடைக்காது, ஆனால் அதன் பிடிப்பு முழுக்க எண்ணெயில் இருக்கிறது, காய்ந்துபோன துணி சல்லடைதான். நுரை வகை நன்றாகப் பிடிக்கும், வருடம் ஆக ஆகப் பொடிந்து உதிரும், உதிர்ந்தது நேராக என்ஜினுக்குள் போகும், அதனால் பழைய நுரை ஃபில்டரை விரலால் அழுத்திப் பார்க்காமல் நான் எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்வதில்லை. இங்கேதான் சந்தேகமான பகுதி வருகிறது: வருடத்துக்கு இரண்டாயிரம் மைல், தார் ரோட்டில், மழையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடுகிற வண்டிக்குக் காகிதத்துக்கும் பருத்திக்கும் உள்ள வித்தியாசம் என்ஜின் ஆயுளில் தெரியுமா? ஒழுங்காக எண்ணெய் போட்டுப் பராமரித்த பருத்தி ஃபில்டரோடு பல வருடம் ஓடிய என்ஜின்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், சிலிண்டர் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாறு என்ஜினை வைத்து விதி எழுத முடியாது என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்லமாட்டேன். மண் சாலை, வயல் ஓரம், அறுவடைக் காலம் என்று ஓட்டுகிறவர் என்றால் யோசிக்காமல் காகிதம்.

பொருள் எதுவானாலும் அதைவிடப் பெரியது விளிம்பு. ஃபில்டர் பிடித்த தூசியைவிட ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போன தூசிதான் நான் பார்த்த சேதங்களுக்குப் பெரும்பாலும் காரணம். வளைந்துபோன பின்தட்டு, இறுகிக் கல்லாகிவிட்ட ரப்பர் விளிம்பு, துருவால் குழியான டப்பா ஓரம், இவற்றில் ஒரு இடத்தில் அரை மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலும் காற்று அந்தச் சுலபமான வழியைத்தான் தேடும். உட்காரும் விளிம்பில் மெல்லியதாக கிரீஸ் தடவி மூடி, திரும்பத் திறந்து பாருங்கள், எதிர்ப்பக்கத்தில் வட்டம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும், விட்ட இடம் இருந்தால் அங்கே ஒழுகுகிறது. பழைய ஸ்டாக் என்று சந்தையில் விற்கிற காகித எலிமென்டை (டப்பாவுக்குள் போடும் ஃபில்டர்) வாங்கினால், உள்ளே டார்ச் வைத்து இருட்டில் சுற்றிப் பாருங்கள், காகிதம் மங்கலாக ஒரே சீராக ஒளிர வேண்டும், பளிச்சென்று புள்ளி தெரிந்தால் கிழிசல் அல்லது மடிப்பும் ஓரமும் ஒட்டிய பசை விட்டிருக்கிறது. பொருத்தி ஐநூறு மைல் ஓடிய பிறகு ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் வந்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அந்த ஏற்பாடு சரியில்லை.

அப்புறம், தூசி உள்ளே போக யாரும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. உங்கள் வருடத்து வண்டியில் என்ஜினின் ஆவியைக் கார்புரேட்டர்களே குழாய் வழியாக உறிஞ்சுகின்றன, அதற்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே நுழைவது ராக்கர் கவர் (என்ஜினின் உச்சியை மூடும் தகரம்) மேல் இருக்கிற எண்ணெய் மூடி வழியாக. பிரிட்டனில் விற்ற வண்டிகளில் அந்த மூடிக்குள்ளேயே ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். ஏர் எலிமென்ட் போலவே 12,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது, கழற்ற முடியாது, மூடியையே மாற்ற வேண்டும். அழகுக்காகக் குரோம் மூடி போடுகிறவர்கள் அதில் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏர் ஃபில்டர் போட்டுவிட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். 1962 முதல் 1964 தொடக்கம் வரையிலான முதல் வண்டிகளில் ராக்கர் கவர் குழாய் முன்பக்க ஏர் ஃபில்டர் டப்பாவிலேயே சேரும், இதைப் படிக்கிற யாரிடமாவது அந்த வண்டி இருந்தால், டப்பாவைக் கழற்றினால் அந்தக் குழாய்க்கு வேறு இடம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி, கார்புரேட்டரில் கைவைக்க வேண்டுமா. டப்பாவில் புதுக் காகிதம் போட்டால், வேண்டாம். திறந்த ஃபில்டர் போட்டால், வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எச்.எஸ்.4-இல் பெட்ரோல் நிற்கிற மிதவைக் கிண்ணம் ஃபில்டருக்கு வெளியே இருக்கிற காற்றின் அழுத்தத்தில் இருக்கிறது, ஜெட்டின் வாயோ ஃபில்டருக்கு உள்ளே. ஃபில்டர் தடுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து பெட்ரோல் கூடுதலாக ஏறும், மிக்சர் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும், அடைத்த ஃபில்டரில் பிளக் கருப்பாவது இதனால்தான். தடையை எடுத்துவிட்டால் அதே காரணத்தால் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். பலர் இதை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு) வைத்து அடியில் இருக்கிற ஆறுபட்டை நட்டைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஐடிலில் போகிற காற்றோ சொற்பம், அங்கே ஃபில்டர் மாற்றம் தெரியவே தெரியாது, தெரிவது மேலே. நட்டு எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி ஏற்றி இறக்கும், மேலே மட்டும் கூட்டுவது ஊசியின் வடிவத்தால்தான் முடியும். எந்த ஊசி என்று நான் இங்கிருந்து சொல்லமாட்டேன், ஐம்பது வருடத்தில் உங்கள் வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்பது கழற்றி ஊசியின் தண்டில் இருக்கிற குறியைப் படித்தால்தான் தெரியும். எஸ்.யூ. பாகங்களை சாலிஸ்பரியில் இருக்கிற பர்லன் நிறுவனம் இன்றும் செய்கிறது, ஊசி கிடைப்பதில் பிரச்சினை இல்லை. இன்னொன்றும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: 2021 செப்டம்பரில் இருந்து இங்கே சாதாரண பம்பில் வருவது இ10, பத்து சதவீதம் வரை எத்தனால், அதுவே மிக்சரை மூன்று நான்கு சதவீதம் லீன் பக்கம் தள்ளும். திறந்த ஃபில்டரும் இ10-உம் சேர்ந்தால், பழைய இரும்பு ஹெட்டில் கடினப்படுத்தாத வால்வு இருக்கை உள்ள வண்டி நெடுஞ்சாலையில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுட்டுக்கொள்ள அது போதும். விலை கூடிய இ5 சூப்பர் போடுங்கள், அது ரப்பர் குழாய்களுக்கும் நல்லது. திறந்த ஃபில்டர்தான் வேண்டும் என்றால், ரோலிங் ரோடில் ஒரு மணி நேரச் செலவையும் ஃபில்டர் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

உங்கள் வண்டிக்கு நான் என்ன செய்வேன் என்றால், டப்பாவைத் தூக்கிப் போடமாட்டேன். மேல்துரு மட்டும் என்றால் கழற்றி, மணல் வீசித் துருவை எடுத்து (உள்ளே ஒரு மணல் துகள்கூட மிஞ்சாமல் கழுவி), பெயின்ட் அடித்து, புதுக் காகிதமும் புதுக் கேஸ்கெட்டும் போடுவேன். உட்காரும் விளிம்பில் குழி விழுந்திருந்தால் அந்த டப்பா முடிந்தது, மறுதயாரிப்போ நல்ல பழையதோ தேடுவேன், ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் என்பதால் கிடைக்கும். டப்பாவுக்கு இன்னொரு பயனும் உண்டு: என்ஜின் கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பினால் அந்தத் தீயை உள்ளேயே அடக்கிவிடும், பெட்ரோல் நனைந்த திறந்த நுரைக்கு அந்தத் திறமை இல்லை. மறுபடி பொருத்தும் முன் ஒரே ஒரு வேலை, கார்புரேட்டர் வாய் திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள்: விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள், நிதானமாக எழும்பி, இறங்கும்போது 'டக்' என்று அடியில் தட்ட வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி. தட்டவில்லை என்றால் ஃபில்டரை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கார்புரேட்டரின் படத்தை இங்கே போடுங்கள், முதலில் அதைப் பார்ப்போம்.